பீடத் துணியில் அரிசி

மண்பாலத் தோட்டம்,
கோலசிலாங்கூர்.
16.2.1952, சனி இரவு

சேசு மரி சூசை துணை.

அன்பும் வணக்கமும் உள்ள அருளப்பன் அண்ணனுக்குத் தங்கை நவமணி எழுதிக்கொண்டது.

அண்ணே, இந்தக் கடிதத்தை யாருக்கும் காட்டாதீர்கள். படித்தவுடன் எரித்துவிடுங்கள். தேவமாதா மேல் ஆணை என்று எழுத நினைத்தேன். ஆணையிடுவது பாவம் என்பதால் கெஞ்சிக் கேட்கிறேன். உறையின் மூலையில் ‘மனச்சாட்சிக் காரியம்’ என்று எழுதியிருக்கிறேன். அப்படி எழுதினால் குருமட அதிபர் பிரிக்காமல் கொடுத்துவிடுவார் என்று போன விடுமுறையில் நீங்கள்தானே சொன்னீர்கள்.

நானும் அம்மாவும் சுகம். உங்கள் சுகத்துக்கு எழுதவும்.

நீங்கள் போன பிறகு நம் லயத்து வீடுகளை எல்லாம் ஒரே இடத்துக்கு மாற்றி முள்வேலி போட்டுவிட்டார்கள். கோயில் மட்டும் பழைய இடத்திலேயே, வேலிக்கு வெளியே, ரப்பர் மரங்களுக்கு நடுவில் நிற்கிறது. சனிக்கிழமைதோறும் நான்தான் போய்ப் பெருக்கி, பூ வைத்து, பீடத் துணி மாற்றிவிட்டு வருகிறேன். வாசலில் எல்லாரையும் தடவிப் பார்க்கிறார்கள். காட்டில் இருக்கும் கம்யூனிஸ்டுகளுக்குப் போய்விடும் என்று ஒரு பிடி அரிசிகூட வெளியே விடுவதில்லை. கொண்டுபோனால் ஜெயில், சில பேருக்குத் தூக்கு என்கிறார்கள். என் கையில் இருக்கும் துணி மூட்டையை மட்டும் மலாய்க்காரப் போலீஸ் மாத்தாக்கள் தொடுவதில்லை. சாமி துணி என்று அவர்களுக்கும் மரியாதை.

அண்ணே, அந்தத் துணிக்குள் நான் அரிசி கொண்டுபோகிறேன். பீடத்துக்கு அடியில் வைத்துவிட்டு வருகிறேன். ஒருவர் வந்து எடுத்துக்கொள்கிறார்.

இது சாவான பாவமா, அற்பப் பாவமா? சாவான பாவம் என்றால், நான் பூசையில் நாவில் வாங்கின நன்மை ஒவ்வொன்றும் இன்னொரு பாவம் அல்லவா? எனக்குத் தூக்கம் வருவதில்லை. பாவசங்கீர்த்தனத்தில் சொல்லலாம் என்றால், புதிதாக வந்த சுவாமியாருக்குத் தமிழ் தெரியாது. உபதேசியார் மதலைமுத்து பக்கத்தில் உட்கார்ந்து நாம் சொல்லும் பாவத்தை அவருக்கு இங்கிலீஷில் சொல்கிறார். வெள்ளிக்கிழமை ஆபீஸில் எங்களுக்கு அரிசி நிறுத்துப் போடுவதும் அதே மதலைமுத்துதான். என் பள்ளிக்கூட இங்கிலீஷ் பாவம் சொல்லப் போதாது.

ஆகையால் உங்களிடமே பாவசங்கீர்த்தனம் செய்கிறேன். நீங்கள் குருவாகப் போகிறவர். எனக்கு என்ன அபராதம் என்று எழுதுங்கள்.

கீழ்ப்படிதலுள்ள தங்கை,
நவமணி


குருமடம்,
4.3.1952

சேசு மரி சூசை.

அன்புத் தங்கை நவமணிக்கு ஆசீர். சர்வேசுரன் கிருபையால் நான் சுகம். அம்மாவும் நீயும் சுகமென்று அறிந்து தோத்திரம் சொன்னேன்.

முதலில் ஒன்றைத் தெரிந்துகொள். கடிதத்தில் பாவசங்கீர்த்தனம் கிடையாது. பாவி குருவின் முன் நேரில் இருக்க வேண்டும். இது திருச்சபை எப்போதோ தீர்த்துவைத்த காரியம். நானோ இன்னும் குரு அல்ல. ஆகையால் நீ எழுதியது பாவசங்கீர்த்தனம் ஆகாது. அதற்கு உரிய இரகசிய முத்திரையும் அதன் மேல் விழாது. அண்ணன் என்ற முறையில் மனத்தில் வைத்துக்கொள்வது வேறு.

இந்த ஆண்டு எங்களுக்கு நன்னெறி வேதசாஸ்திரம் தொடங்கியிருக்கிறது. எங்கள் பேராசிரியர் சுவாமி, நாளை பங்கில் மேய்ப்புப் பணி செய்யப் போகிறவன் புத்தகத்தில் உள்ள பாவங்களை மட்டும் அறிந்தால் போதாது என்பார். ஒவ்வொருவரும் தன் ஊரிலிருந்து மெய்யான மனச்சாட்சி வழக்கு ஒன்றைக் கொண்டுவர வேண்டும் என்று சொல்லியிருக்கிறார். மற்றவர்கள் எல்லாரும் கலியாணத் தடைகளையும் காணாமற்போன கோழிகளையும் கொண்டுவருகிறார்கள்.

உன் காரியத்தில் தீர்ப்புச் சொல்ல எனக்கு விவரம் போதாது. எத்தனை தடவை செய்தாய்? மனமொப்பியா, மிரட்டலுக்குப் பயந்தா? துணி குருவானவர் மந்திரித்ததா? வாங்குகிறவன் யார்? ஒளிக்காமல் எழுது.

யாகப்பன் மாமாவைப் பற்றி ஏதாவது தெரிந்ததா? தினமும் பூசையில் நினைத்துக்கொள்கிறேன்.

உன் அண்ணன்,
அருளப்பன்


மண்பாலத் தோட்டம்,
22.3.1952

சேசு மரி சூசை துணை.

அன்புள்ள அண்ணனுக்கு வணக்கம். இருவரும் சுகம். என் கடிதத்தை எரித்துவிட்டதாக நீங்கள் ஒரு வரியும் எழுதவில்லையே.

ஏழு தடவை. யாரும் மிரட்டவில்லை. பயம் வாசலில் வருகிறது. ஆனால் பயந்து செய்யவில்லை. துணி மந்திரித்ததுதான். பழைய சுவாமியார் மந்திரித்தபோது தீர்த்தத்தைப் பிடித்துக்கொண்டு நின்றவர் நீங்கள்.

வாங்குகிறவர் யார் என்று கேட்டீர்கள். அதே கடிதத்தில் மாமாவைப் பற்றியும் கேட்டீர்கள். இரண்டுக்கும் ஒரே பதில்தான்.

தொழிலாளர் சங்கத்தைத் தடை செய்த வருஷம் காட்டுக்குள் போனவர், தஞ்சோங் காராங் பக்கத்துச் சதுப்பில் மூன்று வருஷம் இருந்தாராம். காலில் புண் வைத்து நடக்க முடியாமல் போனதும் கூட இருந்தவர்கள் விட்டுவிட்டுப் போய்விட்டார்கள். சரணடைந்தால் தூக்கில் போடுவார்கள் என்று பயப்படுகிறார். ஒரு தடவைதான் பார்த்தேன். குரலை வைத்துத்தான் மாமா என்று தெரிந்தது. அடுப்பு மூட்டினால் புகை காட்டிக்கொடுத்துவிடும் என்பதால் அம்மா அரிசியை வறுத்துத் தருகிறாள். ஊறவைத்துத் தின்றுவிடுவாராம்.

எங்கள் அரிசிப் பங்கில் எவ்வளவு போகிறது என்று நீங்கள் கேட்கவில்லை. நேற்று அரிசி வாங்கப் போனபோது உபதேசியார் தராசைப் பிடித்துக்கொண்டே அம்மாவைக் கேலி செய்தார்.

“என்ன அந்தோணியம்மா, தபசு காலத்துல ஒருசந்தி புடிக்க வேண்டியதுதான், அதுக்காக இப்படியா? காத்தடிச்சா முள்ளுவேலியில போயி மாட்டிக்குவ போல இருக்கே!”

பின்னால் நின்ற பக்கத்து வீட்டுத் தாயம்மா அக்கா, “தின்னாத்தானே லா உடம்புல ஒட்டும்! மகன் சாமியாராவணும்னு பட்டினி கெடக்குது” என்றது.

எல்லாரும் சிரித்தார்கள். அம்மாவும் சிரித்தாள். உபதேசியார் மட்டும் சிரிப்பை நிறுத்திவிட்டு எங்கள் அரிசிக் கார்டைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார்.

இரண்டு கடிதத்தையும் எரித்துவிடுங்கள் அண்ணே.

நவமணி


குருமடம்,
15.4.1952

சேசு மரி சூசை.

அன்புத் தங்கைக்குப் பாஸ்குத் திருநாள் ஆசீர். நான் சுகம். பெரிய வாரம் முழுவதும் பாடற்குழுவில் நின்று தொண்டை கட்டிவிட்டது.

மாமா என்பது எனக்கும் வருத்தமே. ஆனால் உறவு, பாவத்தின் கனத்தைக் குறைக்கலாம்; பாவத்தை நீக்காது. நியாயமான அரசாங்கத்தின் கட்டளையை மீறியது ஒன்று. மந்திரித்த துணியை அதற்குப் பயன்படுத்தியதால் தேவதுரோகம் என்ற கேள்வியும் எழுகிறது. கோயில் வேலிக்குள் இருந்திருந்தால் இந்தக் கேள்வியே வராது. வெளியே இருப்பதால்தான் துணி மறைப்பாகிறது. பார்த்தாயா, எவ்வளவு நுட்பமான வழக்கு! காரியம் தெரிந்த மூன்றாம் ஆள் அதிகாரிகளிடம் சொல்லக் கடமைப்பட்டவனா என்பது இன்னும் கடினம். சாஸ்திரிகளில் இரண்டு பட்சம் உண்டு. படித்துக்கொண்டிருக்கிறேன்.

நீ செய்ய வேண்டியது: உடனே நிறுத்து. தகுந்த பாவசங்கீர்த்தனம் செய்யும் வரை நன்மை வாங்காதே. சனிக்கிழமைகளில் ஒருசந்தி இரு. இது அபராதம் அல்ல, அண்ணனின் யோசனை.

கடிதங்கள் என் பாடக் குறிப்பேட்டுக்குள் பத்திரமாக இருக்கின்றன. எரிக்க மனம் வரவில்லை. விவரத்தை நன்றாக எழுதுகிறாய்.

அருளப்பன்


மண்பாலத் தோட்டம்,
17.5.1952

சேசு மரி சூசை துணை.

அன்புள்ள அண்ணனுக்கு வணக்கம். உங்கள் தொண்டை இப்போது எப்படி இருக்கிறது? அம்மா சுகம் என்றே எழுதச் சொல்கிறாள்.

நீங்கள் சொன்னபடி நிறுத்தினேன். மூன்று சனிக்கிழமை வெறும் துணியோடு போய்விட்டு வந்தேன். ஒருசந்தியும் இருந்தேன். அது கஷ்டமாக இல்லை, அரிசியை அனுப்பிய வாரங்களில் பட்டினி பழகிவிட்டது. சுவாமியார் வந்தபோது நன்மை வாங்கப் போகவில்லை. உபதேசியார் அதைப் பார்த்துவிட்டார்.

“என்ன பாப்பா, எல்லாரும் முன்னுக்குப் போறாங்க, நீ மட்டும் தூண் மறைவுல நிக்கிற? மனசுல அப்படி என்ன பாரம்?” என்று வாசலில் நிறுத்திக் கேட்டார். காய்ச்சல் என்றேன். நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டு, “சுடலையே” என்றார்.

மூன்றாம் சனிக்கிழமை பீடத்தைத் துடைக்கும்போது மெழுகுவர்த்திகளைப் பார்த்தேன். மெழுகுவர்த்தித் திருநாளன்று மந்திரித்த பெரிய வர்த்திகள் இரண்டும் பாதிகூட இல்லை. எலி என்று நினைத்தேன். கையில் எடுத்துப் பார்த்தால் மனிதப் பல் பதிந்திருந்தது. முன்பல் ஒன்று இல்லாத இடமும் தெரிந்தது. மாமாவுக்கு எந்தப் பல் இல்லை என்று உங்களுக்குத் தெரியும்.

மிச்சத்தை நொறுக்கி வாய்க்காலில் போட்டேன். அம்மாவிடம் சொன்னேன். அன்றைக்கு உலை வைக்காமல், இருந்ததை எல்லாம் வறுத்தாள்.

திரும்பவும் கொண்டுபோகிறேன் அண்ணே. நரகத்துக்குத்தான் போவேன் என்றால் போகிறேன். அப்பா செத்த பிறகு மாமா தினமும் இரண்டு பேர் வெட்டும் ரப்பர் மர நிரையைத் தனியாக வெட்டி உங்களைப் படிக்கவைத்தார். உங்கள் முதல் நீள அங்கிக்குத் துணி எடுத்துத் தந்தவரும் அவர்தான். இதற்குச் சாஸ்திரத்தில் ஏதாவது பட்சம் உண்டா?

நவமணி


குருமடம்,
9.8.1952

சேசு மரி சூசை.

அன்புத் தங்கைக்கு ஆசீர். தேர்வு, தியானம், பிறகு மறுபடியும் தேர்வு என்று மூன்று மாதம் பேனாவைத் தொடவில்லை. இருவரும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

ஒரு நல்ல செய்தி. உன் காரியத்தை மனச்சாட்சி வழக்காக எழுதி வகுப்பில் வாசித்தேன். பெயர் இல்லை, ஊர் இல்லை. உனக்குத் தெக்ளா என்று பெயர் வைத்தேன். வேதசாட்சியின் பெயர், உனக்குப் பிடிக்கும். பேராசிரியர் சுவாமி, இருபது ஆண்டில் இப்படி ஒரு வழக்கைத் தாம் கேட்டதில்லை என்று எல்லார் முன்னிலும் சொன்னார். பசி மிகுந்தவன் மந்திரித்த மெழுகைத் தின்றால் தேவதுரோகம் ஆகுமா என்ற பகுதியை மட்டும் ஒரு மணி நேரம் விவாதித்தோம். ஆகாது என்று முடிந்தது. மாமாவுக்கு அது ஒரு ஆறுதல்.

அதைத் தமிழில் எழுதித் தரும்படி நம் வேத மாதப் பத்திரிகைக்காரர்கள் கேட்டிருக்கிறார்கள். அக்டோபர் இதழில் வரும். தெரிந்தவர் அதிகாரிக்கு அறிவிக்கக் கடமைப்பட்டவர் என்ற பட்சமே வலுவானது என்று, உரிய மேற்கோள்களோடு முடித்திருக்கிறேன்.

நீ இன்னும் நிறுத்தவில்லை என்பதுதான் எனக்கு விசனம்.

அருளப்பன்


மண்பாலத் தோட்டம்,
18.8.1952

அண்ணே, வேண்டாம்.

சுவாமியார் வராத ஞாயிற்றுக்கிழமைகளில் உபதேசியார் அந்தப் பத்திரிகையைத்தான் கோயிலில் சத்தமாக வாசிக்கிறார். மறந்துவிட்டீர்களா? நீங்கள் சின்னப் பிள்ளையாக இருந்தபோது அதைக் கேட்டுக்கொண்டே தூங்கி விழுவீர்கள் என்று அம்மா சொல்லிச் சிரிப்பாள்.

எப்படியாவது திருப்பி வாங்கிவிடுங்கள். பேராசிரியர் சுவாமியின் காலில் விழுங்கள். மாமா இப்போது நடப்பதில்லை. பீடத்துக்கு அவர் உடம்பை இழுத்துக்கொண்டு வருகிற தடம் மண்ணில் கிடக்கிறது. நான் தழையை ஒடித்து அதை அழித்துவிட்டு வருகிறேன். அவரால் வேறு எங்கும் போக முடியாது.

அம்மாவுக்கு இதைச் சொல்லவில்லை. நான் சுகம்.

நவமணி


குருமடம்,
27.9.1952

சேசு மரி சூசை.

அன்புத் தங்கைக்கு ஆசீர். நான் சுகம்.

உன் கடிதத்தில் தலைப்பில் சேசு மரி சூசையும் இல்லை, என் சுகம் கேட்டு ஒரு வார்த்தையும் இல்லை. பயம் உன்னை எப்படி ஆக்கிவிட்டது என்று பார். பயம் பசாசின் சோதனை.

இதழ் அச்சாகிவிட்டது. பெயர் எதுவும் இல்லை என்று மறுபடியும் சொல்கிறேன். கோயில் வேலிக்கு வெளியே இருப்பதை மட்டும் விட முடியவில்லை. அது இல்லாமல் துணியைப் பற்றிய கேள்வி நிற்காது. எத்தனையோ தோட்டங்கள் இருக்கின்றன. எந்தக் கோயில் எந்த வேலிக்கு வெளியே என்று யார் எண்ணிக்கொண்டிருக்கிறார்கள்? உபதேசியார் வேதம் அறிந்தவர். மனச்சாட்சி வழக்குகள் பயிற்சிக்காகக் கட்டப்படுபவை என்று அவருக்குத் தெரியும்.

உன் கடிதம் வருவதற்கு முன்பே அவருக்கு ஒரு கார்டு போட்டிருந்தேன். என் கட்டுரை வருகிறது, சபையில் வாசியுங்கள், அம்மா கேட்கட்டும் என்று. அம்மாவை முன் வரிசையில் உட்கார வை.

டிசம்பரில் எனக்குச் சிரமுடி கழிக்கும் சடங்கு. அன்று முதல் நானும் திருச்சபையின் ஊழியர் வரிசையில் சேர்ந்துவிடுவேன். மன்றாடிக்கொள்.

அருளப்பன்


மண்பாலத் தோட்டம்,
12.10.1952, ஞாயிறு இரவு

சேசு மரி சூசை துணை.

அன்புள்ள அண்ணனுக்கு வணக்கம். நீங்கள் சுகமாக இருக்க வேண்டுகிறேன்.

இன்று வாசித்தார்கள்.

உபதேசியார் பத்திரிகையை உயரத் தூக்கிக் காட்டி, “இத எழுதுனது யாரு தெரியுமா? நம்ம அந்தோணியம்மா மகன்!” என்றார். பெண்கள் எல்லாரும் அம்மாவைத் திரும்பிப் பார்த்தார்கள். அம்மா முக்காட்டைச் சரிசெய்துகொண்டாள். நான் என்ன சொல்லியும் கேட்காமல் முன் வரிசையில்தான் உட்கார்ந்திருந்தாள். மகன் எழுதியதைக் கேட்க வேண்டும் என்றாள். அதில் என்ன இருக்கிறது என்று அவளிடம் சொல்ல எனக்கு நேற்றுவரை தைரியம் வரவில்லை. நேற்றும் வரவில்லை.

அவர் முதலில் உரக்க வாசித்தார். தெக்ளா என்ற பெண், சனிக்கிழமைகள், துணி மூட்டை. “கோயிலோ முள்வேலிக்கு வெளியே இருந்தது” என்ற இடத்தில் குரல் தணிந்தது. அதற்குப் பிறகு ஒவ்வொரு வார்த்தையாக வாசித்தார். மெழுகுவர்த்தி வந்ததும் நிறுத்தினார். எலி தின்றுவிட்டது என்று புது வர்த்தி கேட்டு நான் நின்றது அவரிடம்தானே. பின்னாலிருந்து செல்லையா கிழவர், “என்னாங்க, தூங்கிட்டீங்களா? மிச்சத்த படிங்க லா!” என்றார். யாரோ சிரித்தார்கள்.

மிச்சத்தையும் வாசித்தார். அறிவிக்கக் கடமைப்பட்டவர் என்ற வரியை இரண்டு தடவை வாசித்தார். பிறகு பத்திரிகையை மடித்து வைத்துவிட்டு, “எழுதுன நம்ம சின்னச் சாமிக்காக எல்லாரும் ஒரு பரலோக மந்திரம் சொல்லுங்க” என்றார். சொன்னோம். அம்மாவும் முழங்காலில் நின்று சொன்னாள். அவள் கை என் கையைப் பிடித்திருந்தது, வலித்தது.

கடைசியில் பீடத் துணியின் ஓரத்தைத் தூக்கி அடியில் பார்த்தார். ஒன்றும் இல்லை. நேற்று வைத்ததை மாமா எடுத்துப் போயிருந்தார். ஆனால் சிமெண்டில் நாலைந்து வறுத்த அரிசி சிந்திக் கிடந்தது. குனிந்து ஒன்றைப் பொறுக்கி வாயில் போட்டு மென்றார். என்னைப் பார்க்கவில்லை. அம்மாவைப் பார்த்து, “நான் என்னம்மா செய்யட்டும்? சாமியே எழுதியிருக்காரே” என்று மெல்லச் சொல்லிவிட்டு சைக்கிளை எடுத்துக்கொண்டு மானேஜர் பங்களா பக்கம் போனார்.

நாலு மணிக்குக் கோயில் பக்கம் வெடிச் சத்தம் கேட்டது. மூன்று. அம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். ஆய்ந்து முடித்தாள். தாயம்மா அக்கா ஓடி வந்து, “காட்டுக்காரன் ஒருத்தன சுட்டுட்டாங்களாம் லா! கம்புல கட்டித் தூக்கிட்டுப் போறாங்க. காலு அழுகிப் போயி நாத்தம் தாங்கலையாம்” என்றது. அம்மா, “அப்படியா” என்றாள். அக்கா போன பிறகு கதவைச் சாத்திவிட்டுச் சேலையை வாயில் திணித்துக்கொண்டாள். சத்தம் வெளியே வரவில்லை.

இப்போது உங்கள் கடிதங்களை எல்லாம் அடுப்பில் வைத்துவிட்டாள். “அவன் பேரு இதுல வரவே கூடாது. அவன் சாமியாராவணும். அதுக்காவது ஒண்ணு மிஞ்சட்டும்” என்கிறாள். உங்களுக்கு இதை எழுதச் சொன்னவளும் அவள்தான். யார் வந்து கேட்டாலும் பத்திரிகையில் வந்தது முழுதும் நீங்களே கட்டிய கதை என்று சொல்லிவிடுங்கள். தங்கை கடிதமே போட்டதில்லை என்று சொல்லுங்கள். அது பொய்தான். அதற்கு ஏதாவது பட்சம் இருக்கும், பார்த்துக்கொள்ளுங்கள். காலையில் லோரி புறப்படும் முன் இதைத் தாயம்மா அக்காவிடம் கொடுத்துவிடுகிறேன். அது எழுத்தறியாது.

கதவைத் தட்டுகிறார்கள்.

அம்மா எழுந்துவிட்டாள். “நான்தான் கொண்டுபோனேன்னு சொல்லுவேன். நீ வாயத் தொறக்காத” என்கிறாள். மறுபடியும் தட்டுகிறார்கள். அண்ணே, அம்மா சொன்னால் நம்பமாட்டார்கள், வாசலில் நிற்கிற மாத்தாக்கள் எல்லாருக்கும் தெரியும், மூட்டை எப்போதும் என்